ஒன்பதாம் விசை

…இல்லை, அழுத்தியது கைதான், அவள் இல்லை, இருபத்திரண்டு வருஷமாக அந்த விரல் அந்த விசைக்குப் போய்ப் பழகியிருக்கிறது, கண் பார்க்கும், விரல் போகும், நடுவில் அவள் என்று ஒருத்தி எதற்கு… ஒன்பதை அழுத்தியதும் திரையிலிருந்த உறை போய்விட்டது, அடுத்தது வந்து நின்றது, ஏதோ ஒரு பல் மருத்துவருக்கு யாரோ பச்சை மையில் எழுதியது, பச்சை மை என்றால் எந்திரத்துக்கு ஆகவே ஆகாது, உடனே இங்கே தள்ளிவிடும், அவள் அஞ்சல் எண்ணைத் தட்டினாள், அதுவும் போயிற்று, அதற்குப் பிறகுதான், ஆமாம், அதற்குப் பிறகுதான் முந்தையது யார் எழுத்து என்று உறைத்தது. அப்படித்தான் நடந்தது, வேறெப்படி நடந்திருக்கும்? அக்கா எழுத்து. அம்மா பெயர். பழைய வீட்டு முகவரி. ஒன்பது என்றால் இப்படியொரு முகவரி இல்லை என்று பொருள், அதில் பொய் என்ன இருக்கிறது, அந்த வீட்டை இடித்துத் தள்ளி அங்கே இப்போது வண்டி நிறுத்துகிறார்கள், அம்மா போய்ப் பதினாலு மாதம் ஆகிறது, வீடும் இல்லை, ஆளும் இல்லை, வேறு யார் உட்கார்ந்திருந்தாலும் ஒன்பதைத்தான் அழுத்தியிருப்பார்கள், சட்டப்படி சரி, கணினிப்படி சரி, பிறகு ஏன் கை இப்படிச் சில்லிட்டுப் போய்க் கிடக்கிறது.

அடுத்த உறை. மழையில் நனைந்து எழுத்தெல்லாம் ஊறிப்போனது. தட்டினாள். அடுத்தது, பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதியது, ஒவ்வோர் எழுத்தும் ஒரு திசையில் விளையாடப் போயிருக்கிறது. தட்டினாள். கடிதம் இந்த அறைக்கு வராது, அது நாலு தெரு தள்ளிப் பிரிப்புக்கூடத்தில் எந்திரத்தின் வயிற்றுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும், எந்திரத்துக்குப் படிக்க வராத உறையின் படம் மட்டும்தான் இங்கே திரைக்கு வரும், படித்து எண்ணைத் தட்டினால் அங்கே கடிதம் சரியான பையில் போய் விழும். ஒரு காலத்தில் அறுபது பேர் உட்கார்ந்த அறை, தட்டுகிற சத்தம் ஓட்டில் மழை பெய்கிற மாதிரி இருக்கும், இப்போது ஆறு பேர், மீதி நாற்காலிகளைச் சுவரோரமாக ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். இந்த மாதக் கடைசியோடு இந்த ஆறும் கிடையாது. எந்திரம் தேறிவிட்டதாம். யார் தேற்றியது? இவர்கள்தான், இவர்கள் தட்டுகிற ஒவ்வொன்றும் அதற்குப் பாடம், படிக்கத் தெரியாதவனுக்குக் கையைப் பிடித்து எழுதச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அவன் தேறியதும் எழுந்து போக வேண்டியதுதான். தன் கையே தன் கண்ணைக் குத்துமா என்று கேட்பார்கள், குத்தும், ஒரு நாளைக்கு ஒன்பதாயிரம் தடவை குத்தும், அதற்கு வருஷாவருஷம் நற்சான்றிதழும் கொடுப்பார்கள். பக்கத்து நாற்காலி மூக்குக்கண்ணாடிக்காரர்தான் அன்றைக்குச் சொன்னார், "எழுதறவங்க எல்லாம் எழுதறதை விட்டாச்சு, இப்பத்தான் இது படிக்கக் கத்துக்கிட்டு வந்து நிக்குது, கல்யாணம் முடிஞ்சப்புறம் மேளம் வந்த கதை." எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், ஆனால் அவளுக்குள் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது, இன்னும் இருபது நாள், இன்னும் பத்தொன்பது நாள், அதுவரை அந்தக் கடிதம் என் திரைக்கு வராமல் இருந்தால் போதும் என்று… வந்துவிட்டது.

வந்தது, போயிற்று. போனது எங்கே? அதுதான். முன்பெல்லாம் ஒன்பது போட்டால் கடிதம் ஒரு மூலையில் ஆறு மாதம் தூங்கும், யாராவது தேடி வந்தால் எடுத்துக் கொடுப்பார்கள். இரண்டு மாதமாகப் புது விதி, அனுப்பியவர் முகவரி இருந்தால் திருப்பு, இல்லாவிட்டால் அன்றைக்கே நறுக்கு, வைத்துக்கொள்ள இடமில்லை. மாலை நாலரைக்கு மூட்டை கட்டி நறுக்கும் எந்திரத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அக்கா என்றைக்கு அனுப்புநர் முகவரி எழுதினாள்? வீட்டுக்கு எழுதறதுக்கு எதுக்குடி அதெல்லாம், நான் யாருன்னு உங்களுக்குத் தெரியாதா… தெரியும் அக்கா, நன்றாகத் தெரியும். மணி மூன்று நாற்பது. கூப்பிட்டால் இப்போதுகூட எடுத்துவிடலாம். கூப்பிடாவிட்டால் அம்பது நிமிஷத்தில் தூள், யாருக்கும் தெரியாது, அக்கா அங்கே, கடல் தாண்டி, அம்மா உயிரோடு இருக்கிறாள் என்றே நினைத்துக்கொண்டு அடுத்த மாதமும் எழுதுவாள், அதற்கு அடுத்த மாதமும்.

அக்கா எழுத்து அச்சுக் கோத்த மாதிரி இருக்கும், அந்த நம்பிக்கையில்தான் இத்தனை நாள் ஓட்டினாள். எந்திரம் அதைத் தடுமாறாமல் படிக்கும், நேரே பழைய தெருவுக்கு அனுப்பும், அங்கே தபால்காரர் வண்டிகளுக்கு நடுவில் நின்று தலையைச் சொறிந்துவிட்டுத் திருப்பிவிடுவார், அது எங்கோ போய் எப்படியோ ஆகும், அவள் கண்ணில் படாது, கண்ணில் படாதது பாவத்தில் சேராது. அப்படியிருக்க இன்றைக்கு எந்திரத்துக்கு ஏன் புரியாமல் போனது? சரி, நனைந்திருக்கும். நனைந்திருந்ததா? நினைவில்லை. எப்படி நினைவிருக்கும், இரண்டு நொடிகூடப் பார்த்திருக்க மாட்டாள்.

அம்மாவுக்குப் போன் பிடிக்காது. "போன்ல பேசினா வெச்சதும் போயிடுது, கடுதாசின்னா இன்னொரு தடவை படின்னு கேக்கலாம்." அறுபதை ஒட்டி அம்மாவுக்குக் கண் நரம்பு வாட ஆரம்பித்தது, ஐந்தாறு வருஷத்தில் வெளிச்சம் மட்டும்தான் மிச்சம், அதனால் படிப்பது இவள் வேலை. அலுவலகத்தில் உறை படித்துவிட்டு வந்து வீட்டில் உள்ளே இருப்பதைப் படிப்பாள், என் தலையெழுத்தே அடுத்தவள் எழுத்தைப் படிப்பதுதான் என்று அலுத்துக்கொண்டே படிப்பாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். அக்கா எழுதுவாள், இங்கே குளிர், அத்தானுக்கு முட்டி வலி, சின்னவன் வேலைக்குப் போகிறான்… அதற்கப்புறம் எழுதுவாள், அம்மா, நீ இங்கே வந்து என்னோடு இரு, அறை ஒழித்து வைத்திருக்கிறேன், ஜன்னல் பக்கம் கட்டில் போட்டிருக்கிறேன், சின்னவளும் எத்தனை நாளைக்குத்தான் ஒண்டியாகப் பார்ப்பாள், அவளும் ஒரு வாழ்க்கையைப் பார்க்கட்டும். இதை இவள் படிக்கவில்லை. முதல் தடவை தொண்டை அடைத்துக்கொண்டது, தண்ணீர் குடித்தாள், குடித்துவிட்டு அடுத்த வரியிலிருந்து படித்தாள். ஏன்? அம்மா போய்விடுவாள் என்ற பயமா? பன்னிரண்டு வருஷம் மலம் மூத்திரம் என்று பார்த்தவளை விட்டுவிட்டு, ஜன்னலோரக் கட்டில் போட்டவளிடம் அம்மா ஒரே வார்த்தையில் கிளம்பிவிடுவாள் என்ற ஆத்திரமா? இரண்டும்தான். அம்மா இன்னொரு தடவை படிக்கச் சொல்வாளே, அப்போது அதே வரியைத் தாண்ட வேண்டுமே, மறந்து படித்துவிட்டால்? அதற்காகப் பென்சிலால் ஓரத்தில் சின்னச் சின்னப் புள்ளி வைத்தாள். ஆறு வருஷத்துக் கடிதம், எல்லாவற்றிலும் புள்ளி. ஒரு நாள் அம்மா தாளை வாங்கி விரலால் தடவினாள், முன்பக்கம், பின்பக்கம், திரும்ப முன்பக்கம், "இவ்ளோ பெரிய கடுதாசிக்கு இவ்ளோதானா?" என்றாள். ஆமாம்மா, பெரிய பெரிய எழுத்தா எழுதியிருக்கா. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்கிறார்களே, கண் தெரியாத ஆளுக்குப் பரிமாறினால் தாராளமாக மறைக்கலாம்.

அம்மா சாகும்போது என்ன கேட்டாள்? பெரியவ ஒரு தடவையாவது என்னைக் கூப்பிட்டிருக்கலாம், இல்லே? என்று கேட்டாள். இவள் தலையணையைச் சரி செய்தாள்.

அதற்குப் பிறகு எழுத உட்கார்ந்தாளே, எழுதாமல் இல்லை, காரியமெல்லாம் முடிந்த மறு வாரமே உட்கார்ந்தாள். அம்மா சொல்லச் சொல்ல எழுதிப் பழகிய கை, தாளைக் கண்டதும் தானாகவே நான் சௌக்கியம், நீ சௌக்கியமா என்று ஆரம்பித்தது, அம்மா ஆரம்பிக்கிற மாதிரியே. அடித்துவிட்டு வேறு தாள் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. எழுதிக்கொண்டே போனாள், கால் வீக்கம் குறைந்திருக்கிறது, சின்னவள் நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள், நீ கவலைப்படாதே… சின்னவள் நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள் என்று எழுதும்போது அழுகை வந்தது, அதையாவது அம்மா வாயால் கேட்ட மாதிரி இருந்தது. ஒட்டினாள், போட்டாள். கைப்பழக்கம் என்று தன்னிடமே சொல்லிக்கொண்டாள். அதற்கு வந்த பதிலைப் பிரிக்கவில்லை, அடுத்ததையும் பிரிக்கவில்லை, பெட்டிக்குள் போட்டாள், வீட்டை மாற்றினாள், அக்காவின் எண் பழைய போனோடு போய்விட்டது, தேடினால் கிடைக்காமலா போகும், தேடவில்லை. முகவரி மாற்றப் படிவம் ஒன்று இருக்கிறது, ஊருக்கெல்லாம் அதை நிரப்பச் சொல்லிக் கொடுப்பவள், தனக்கு நிரப்பவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளத் தள்ள, செத்ததைச் சொல்வது ஒன்று, செத்து ஒரு வருஷமானதைச் சொல்வது வேறு என்று ஆகிவிட்டது.

"என்னம்மா, படம் நின்னுக்கிட்டே இருக்கு உன் திரையில, உடம்பு சரியில்லையா?" மூக்குக்கண்ணாடிக்காரர் எட்டிப் பார்த்தார். ஒண்ணுமில்லை, கண் எரியுது என்றாள். கண்ணுக்குச் சொட்டு மருந்து வேணுமா என்றார். வேண்டாம். மணி நாலு. கூடத்தில் இந்நேரம் மூட்டையின் வாயைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். போகட்டுமே… இன்னும் பத்தொன்பது நாள், பிறகு இந்த அறையே இல்லை, அக்கா கடிதம் எங்கே போனால் என்ன, பிறகு அது எந்திரத்துக்கும் அக்காவுக்கும் உள்ள வழக்கு. அடுத்த மாதத்திலிருந்து தபாலே வாரத்துக்கு இரண்டு நாள்தானாம், அதற்கு அடுத்த வருஷம் எப்படியோ, ஒரு நாள் ஒரேயடியாக நிறுத்திவிடுவார்கள், அப்போது அக்கா எழுதினாலும் வாங்க ஆளிருக்காது, எல்லாருக்கும் நிம்மதி. என்ன நினைப்பு இது? ஒரு கடிதத்துக்குப் பயந்து ஊரில் தபாலே இல்லாமல் போகட்டும் என்று நினைக்கிறாளே, இவளையா இருபத்திரண்டு வருஷம் சம்பளம் கொடுத்து உட்கார வைத்தார்கள். கால் எழுந்துவிட்டது. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதைதான், ஆனாலும் எழுந்துவிட்டது.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மேற்பார்வையாளர், அறையில் எல்லாருக்கும் அவர் நொடி சார், ஒரு நாளை மணியால் அளக்கத் தெரியாத மனிதர், அவர் பிள்ளை பிறந்தபோதுகூட எத்தனை நொடி என்று கேட்டிருப்பார் என்று ஒரு பேச்சு உண்டு. நல்ல மனிதர்தான்.

"சார், ஒண்ணு கை தவறி ஒன்பது போட்டுட்டேன். கூடத்துக்குச் சொல்லி எடுக்கணும்."

"நீங்களா? கை தவறியா?" என்று சிரித்தார். "இத்தனை வருஷத்துல உங்க பேர்ல ஒரு தப்புகூட இல்லையே. இருங்க, பாத்துடலாம்." பட்டியலை இறக்கினார். "மத்தியானத்துக்கு மேல நாலு ஒன்பது போட்டிருக்கீங்க. இது ரெண்டு நொடி. இது மூணு. இதுவும் மூணு. இது பதினொண்ணு." நிமிர்ந்தார். "கை தவறுறதுன்னா அரை நொடியில நடக்கும், மேடம். அப்படி எதுவுமே இங்க இல்லையே. எல்லாம் பாத்துட்டுத்தான் போட்டிருக்கீங்க. இந்தப் பதினொண்ணுல எவ்வளவு நிதானமா பாத்திருக்கீங்க பாருங்க. சரியாத்தான் இருக்கும். போய் உக்காருங்க."

பதினொன்று. எண்ணிப் பார்த்தாள், ஒன்று, இரண்டு, மூன்று… எவ்வளவு நீளம் அது, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிடலாம். அந்தப் பதினொன்றையும் அவள் எங்கே வைத்தாள்? கை போயிற்று, உறை போயிற்று, பல் மருத்துவர் வந்தார், பிறகு உறைத்தது, இப்படித்தானே இவ்வளவு நேரமும் தன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ணியிருப்பாள். இப்போது மெல்ல மெல்ல ஏறி வருகிறது, முதல் எழுத்திலேயே தெரிந்துவிட்டது, அம்மா பெயரைப் படித்தாள், தெருவைப் படித்தாள், கதவு எண்ணைப் படித்தாள், திரும்ப ஒரு தடவை அம்மா பெயரைப் படித்தாள், அப்புறம் விரல் போனது, போய் அழுத்தியபோது பயம் இல்லை, அழுகை இல்லை, நிம்மதியாக இருந்தது. கடவுளே, நிம்மதியாக இருந்தது. எந்திரம் படிக்கத் தெரியாமல் தப்புப் பண்ணும், தெரிந்தால் பண்ணாது. இவள் படிக்கத் தெரிந்ததால் பண்ணினாள், அன்றைக்கும் இன்றைக்கும். இப்போது போய் உட்காருங்கள் என்கிறார் இந்த மனிதர், நீ பண்ணியது சரி என்று எழுதியே கொடுப்பார் போலிருக்கிறது, திரும்பி நடந்தால் போதும், பத்தடி.

"அது எங்க அக்கா எழுத்து, சார்."

அவர் பட்டியலுக்குத் திரும்பினார். பதினொன்று என்று இருந்த வரியை அழுத்தினார், படம் திறந்தது. "அப்போ இந்தப் பேரு…"

"எங்கம்மா. இப்ப இல்ல. அக்காவுக்குத் தெரியாது, நான் சொல்லல."

எத்தனை நொடி அவர் அவளைப் பார்த்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. போனை எடுத்தார். படத்தின் எண்ணைச் சொன்னார், ஆமாம், ஒன்பது மூட்டைதான், கட்டியாச்சா, அவிழ்த்துப் பாருங்க, இல்ல, இப்பவே, நான் லைன்லயே இருக்கேன். அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அங்கே யாரோ முணுமுணுத்துக்கொண்டே மூட்டையைக் கொட்டுகிற சத்தம் போனில் கேட்டது. ரொம்ப நேரம் கேட்டது. கிடைக்காவிட்டால் என்று நினைத்தாள், நினைத்ததும் உள்ளே அதே நிம்மதி மெல்ல எட்டிப் பார்த்தது, சனியன், இன்னுமா சாகவில்லை நீ… "கிடைச்சிடுச்சாம்" என்றார். "எந்த முகவரிக்குன்னு கேக்கறாங்க."

ஒரு நாளைக்கு ஒன்பதாயிரம் முகவரி தட்டுகிறவளுக்குத் தன் முகவரி வாயில் வர நேரமாயிற்று. கதவு எண், மாடி, தெரு, அஞ்சல் எண். அவர் அதைப் போனிலும் சொன்னார், கணினியிலும் தட்டினார். "வியாழக்கிழமை வந்துடும். நல்லதாப் போச்சு, மேடம், இதையும் எந்திரம் கத்துக்கும். இனிமே இந்தப் பேரு, இந்தப் பழைய முகவரி போட்டு எது வந்தாலும் நேரே உங்க வீட்டுக்கே அனுப்பிடும். நாம இங்க இல்லைன்னாலும்." ஆறுதலாகத்தான் சொன்னார். தலையாட்டினாள். வியாழக்கிழமை பிரிப்பாள், பிரித்து எல்லா வரியும் படிப்பாள், பிறகு எழுதுவாள், அம்மா போனது, அம்மா மாதிரி எழுதியது, பென்சில் புள்ளி, எல்லாம் எழுதுவாள், அக்கா காறித் துப்பினாலும் சரி, ஒன்றையும் விடாமல்… அப்போதுதான் அவர் திரையில் இன்னும் திறந்து கிடந்த படத்தைச் சரியாகப் பார்த்தாள். நனைந்திருக்கவில்லை. உறை சுத்தமாக இருந்தது, மையும் நல்ல கறுப்பு. எழுத்துதான் சரியில்லை, அச்சுக் கோத்த அக்காவின் எழுத்து ஒரு பக்கமாகச் சரிந்து இறங்கி, அம்மா பெயரின் மேலேயே தெருவின் பெயர் ஏறி உட்கார்ந்திருந்தது, எழுதிய வரி எங்கே முடிந்தது என்று தெரியாமல் கை தடவித் தடவி எழுதிய மாதிரி. அம்மா கையெழுத்தும் முதலில் இப்படித்தான் சரிந்தது. அக்காவுக்கு என்ன வயது? இவளுக்கு ஐம்பத்தொன்று, எட்டு வருஷம் மூத்தவள்… ஐம்பத்தொன்பது. அம்மாவுக்கும் அறுபதை ஒட்டித்தான்.

அப்படியென்றால் இவள் எழுதப்போகிற கடிதத்தை அங்கே யார் படித்துக்காட்டுவார்கள், அத்தானா, சின்னவனா, யாரோ ஒரு பக்கத்து வீட்டுக்காரியா? ஜன்னலோரக் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு அக்கா கேட்டுக்கொண்டிருப்பாள், படிப்பவர் தொண்டை அடைத்துத் தண்ணீர் குடிப்பார், குடித்துவிட்டு எந்த வரியிலிருந்து படிப்பார்…